எழுந்திருக்கத் தெரிந்தவர்கள்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து பிரிந்து 1995இல் தனி மாவட்டமானது. கல்லூரிகள் வந்தன, டயர் தொழிற்சாலை வந்தது, தண்டவாளம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. சென்னையிலிருந்து வருகிறவர் பஸ்ஸை நம்ப வேண்டும். அதிலும் ஏறும்போதே கண்டக்டரிடம் "ஊருக்குள்ள போகுமா, நாலு ரோட்டுலயே இறக்கி விட்ருவீங்களா?" என்று கேட்டுக்கொள்வது உத்தமம். என்னை நாலு ரோட்டில்தான் இறக்கிவிட்டார்கள். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. சாலையோரம் சின்ன வெங்காய மூட்டைகள் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றிருந்தது. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும்தான் இந்தக் கரிசல் மண்ணின் வரவு.

நான் வந்தது ஒரு தலைமைப் பண்பு மாநாட்டுக்கு. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியின் குளிரூட்டிய அரங்கில், சனியும் ஞாயிறும். நண்பர் ஒருவர் கட்டாயப்படுத்தாமல் இருந்திருந்தால் போயிருக்க மாட்டேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. கழுத்தில் பெயர் அட்டை மாட்டி, கையில் ஒரு துணிப்பையும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்தார்கள். பள்ளித் தலைமை ஆசிரியர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், மகளிர் சுயஉதவிக் குழுப் பொறுப்பாளர்கள், வங்கிக்காரர்கள், கடைசி வரிசைகளில் கைப்பேசியும் கையுமாக மாணவர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது.

பயிற்சியாளர் கெட்டிக்காரர். அதைச் சொல்லிவிட வேண்டும். எட்டுப் பேராக வட்டம் போட்டு உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது, முந்தியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒரு பயிற்சி கொடுத்தார். என் வட்டத்தில் இருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு அது பெரும்பாடாகிவிட்டது. முப்பது வருஷம் பிறர் பேசிக் கேட்டுப் பழக்கமில்லாதவர் அவர். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த அரை மணி நேரம் உருப்படியான நேரம்.

மற்றதெல்லாம் ஏறுவதைப் பற்றி. இலக்கு வைப்பது, செல்வாக்கை வளர்ப்பது, அணியை உருவாக்குவது, அடுத்த படிக்குப் போவது. திரையில் மலை உச்சியில் கொடியோடு நிற்கும் மனிதரின் படம் மூன்று நான்கு முறை வந்து போனது. நாற்காலியை அடைவது எப்படி என்று ஒரு குறையும் இல்லாமல் சொன்னார்கள். அதில் உட்கார்ந்திருக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால் யார் வாய் திறப்பது, எப்போது எழுந்து வெளியே வருவது என்ற பேச்சே இல்லை.

அந்தப் பேச்சைச் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மா தொடங்கிவைத்தார். ஐம்பது வயது இருக்கும். தட்டில் பிரிஞ்சியை வைத்துக்கொண்டே, "சார் எந்த டிபார்ட்மெண்டு?" என்றார்.

"டிபார்ட்மெண்டு எல்லாம் இல்லம்மா. எழுதுறவன்."

"அப்ப நீங்களும் நம்மள மாதிரிதான். பதவி கிடையாது" என்று சிரித்தார். குன்னம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் முன்னாள் ஊராட்சித் தலைவர். 2019 டிசம்பர் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்தவர். மாமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னதை, அந்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் நான் சேர்த்திருப்பேன்.

"மொத வருசம் கையெழுத்து மட்டுந்தான் சார் என்னுது. தலைவரேன்னு கூப்பிட்டா எங்க வீட்டுக்காரர் திரும்பிப் பாப்பாரு." அப்புறம் ஒரு கோடையில் போர் மோட்டார் காயில் எரிந்துபோயிருக்கிறது. ரீவைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும், பணம் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். இவருடைய துணைத் தலைவர் எதிர் அணி. தேர்தல் பகை ஆறவில்லை. மோட்டார் பட்டறையில் கிடந்தது, குடங்கள் தெருவில் வரிசை கட்டின.

"நாலு நாளு பாத்தேன். அஞ்சாம் நாளு அவரு வீட்டுத் திண்ணையில போயி உக்காந்துட்டேன். 'அண்ணே, எனக்கு நீங்க கையெழுத்துப் போட வேணாம், மோட்டாருக்குப் போடுங்க'ன்னேன். அவரு சம்சாரம் உள்ளேருந்து, 'போட்டுத் தொலைங்க, நானும்தான் குடம் தூக்குறேன்'னுச்சு. போட்டாரு."

அடுத்து வந்த கிராம சபையில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று சனங்கள் பிடித்துக்கொண்டார்கள். கரண்ட் ஏற்ற இறக்கத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் காதைக் கடித்திருக்கிறார்கள். இவர் எழுந்து, மோட்டார் எரிந்தது கரண்ட்டால், ஆனால் அத்தனை நாள் பட்டறையில் கிடந்தது எங்கள் இரண்டு பேர் சண்டையால் என்று சொல்லிவிட்டார். "வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு அப்புறம் துணைத் தலைவர் ஒரு செக்கையும் நிறுத்தல சார். அவரு பேரையும் சேத்துல்ல சொல்லிப்புட்டேன்" என்றார். இதைத் திட்டமிட்டுச் செய்தாரா, தானாக வந்ததா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு அவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போயின. தீர்மானப் புத்தகம், பீரோ சாவி எல்லாம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தாராம். "சாவியக் குடுத்தப்புறமும் தண்ணி வரலன்னா எங்க வீட்டுக்குத்தான் வர்றாங்க. நானும் டேங்க் ஆபரேட்டருக்குப் போன் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

மாலைக் கேள்வி நேரத்தில் இவர் மைக்கை வாங்கி, தப்பு நடந்துபோனா அதை யாரு மொதல்ல சொல்லணும் என்று பயிற்சியாளரைக் கேட்டார். தோல்வி வெற்றியின் முதல் படி என்று பதில் வந்தது. கைதட்டலும் வந்தது. அம்மா உட்கார்ந்துவிட்டார்.

மாநாடு முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. அதனால் சிறுவாச்சூர் போக முடிந்தது. திருச்சி சாலையில் சிறிது தூரத்தில் இருக்கும் அங்குள்ள மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். விசேஷ நாட்கள் தவிர மற்ற நாளில் போனால் பூட்டிய கதவைக் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காரணமாகச் சொல்லும் கதை எனக்குப் பிடித்த கதை. இந்த இடம் முதலில் செல்லியம்மனுடையது. மந்திரவாதி ஒருவனின் கொடுமையில் அவள் தவித்திருந்தபோது, மதுரையிலிருந்து வந்த காளி ஓர் இரவு தங்க இடம் கேட்கிறாள், மந்திரவாதியை அழிக்கிறாள். செல்லியம்மன், இனி இந்த இடம் உனக்கே என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலுள்ள பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள். வந்தவள் அதை மறக்கவில்லை. இன்றும் தீபாராதனை முதலில் மலை இருக்கும் திசைக்குக் காட்டப்படுகிறது. பிறகுதான் கருவறையில் இருப்பவளுக்கு. வாரத்தின் மற்ற நாட்களில் காளி தோழியைப் பார்க்க மலைக்குப் போய்விடுகிறாளாம்.

கோயிலில் மாவிளக்குக்கு அரிசி இடிக்கும் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டுப்பாவாடைச் சிறுமி ஒருத்தி தன் உயரத்துக்கு மேலான உலக்கையைத் தூக்க முயன்று, பாட்டி பிடுங்கிக்கொள்ள, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பூசாரி தட்டைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பியபோது கூட்டத்தில் பாதிப் பேர் காளியைப் பார்த்தபடியே நின்றார்கள். பழக்கப்பட்டவர்கள் மட்டும் மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். இடத்தை விட்டுக் கொடுத்தவளுக்கு முதல் மரியாதை. நம் அலுவலகங்களில் பழைய மேலாளரின் பெயர்ப்பலகையை எவ்வளவு வேகமாகக் கழற்றுகிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து பெரம்பலூர் திரும்பி அரியலூர் பஸ். வழியெல்லாம் மக்காச்சோளம், பருத்தி, அப்புறம் மெல்ல மெல்லச் சாலையோரச் செடிகளின் நிறம் வெளுக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலைகள் இவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. கடல் விட்டுப்போன சிப்பியும் கிளிஞ்சலும்தான் இன்று சிமெண்ட் மூட்டைகளாகப் போகின்றன. வாரணவாசியில் ஒரு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. நேரம் இருப்பவர்கள் பார்க்கலாம். என் அவசரம் வேறு.

அரியலூர் ரயில் நிலையத்தில் இறங்கித் திருச்சிப் பக்கம் போகும் சாதாரண ரயிலில் ஏறினேன். மருதையாற்றுப் பாலத்தைப் பார்க்க வேண்டும். பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர், அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில் போய்ச் சேரும் சிறிய ஆறு. எதிர் இருக்கைப் பெரியவர், "எதுக்கு சன்னல எட்டி எட்டிப் பாக்குறீங்க?" என்றார். சொன்னேன். "அதுவா. இப்ப வரும், சத்தம் மாறும், அதான் பாலம்" என்றார். சத்தம் மாறியது. கீழே மணலும் சீமைக்கருவேலமும். ஓரமாக ஒரு குட்டையில் நாலைந்து மாடுகள். ஒரு வாய் பேசி முடிப்பதற்குள் பாலம் கடந்துவிட்டது.

1956 நவம்பர் 23, விடியும் முன். சென்னையிலிருந்து தூத்துக்குடி போன எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டிக் கல்லகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விடாத மழை. மருதையாறு கரைபுரண்டு பாலத்தை ஒட்டிய மண்ணை அரித்திருந்தது. என்ஜினும் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. 140 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். "எங்கப்பா சொல்லுவாரு, அந்தத் தண்ணியப் பாத்தா இது நம்ம மருதையாறான்னு தோணுமாம்" என்றார் பெரியவர்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அரியலூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் விட்டுவிடும் விஷயம், அது அவருடைய முதல் ராஜினாமா அல்ல என்பது. அதே ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் மெகபூப்நகர் அருகே இதே மாதிரி மழையில் பாலம் போய் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதே அவர் பதவி விலகக் கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் அரியலூர். மறுபடியும் கடிதம். இம்முறை ஏற்கப்பட்டது. விபத்துக்கு சாஸ்திரி எந்த வகையிலும் பொறுப்பல்ல, ஆனால் அரசியல் சட்ட மரபுக்கு இது ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்ற பொருளில் நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

இதைக் கதையாகச் சொல்லிச் சொல்லி நாம் மழுங்கடித்துவிட்டோம். சாஸ்திரி ராஜினாமா செய்ததால் எந்தப் பாலமும் பலப்பட்டுவிடவில்லை, உண்மை. ராஜினாமா என்பது ஒரு தப்பித்தல், இருந்து சரிசெய்வதுதான் பொறுப்பு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் பாதிதான் சம்மதம். இருந்து சரிசெய்கிறேன் என்றவர்களில் எத்தனை பேர் சரிசெய்தார்கள் என்ற பட்டியலை யாரும் நீட்டுவதில்லை. 1999இல் கைசால் விபத்துக்குப் பிறகு நிதிஷ் குமார் ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அப்படி விலகியவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். ஒவ்வொரு பெரிய விபத்துக்கும் எதிர்க்கட்சிகள் சாஸ்திரியின் பெயரை எடுக்கின்றன. ஆளும் கட்சியானதும் பத்திரமாக உள்ளே வைத்துவிடுகின்றன.

அரியலூர் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டுக்காரரான ஓ.வி. அழகேசன். 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்ற தி.மு.க., அவர் பெயரோடு அரியலூரைச் சேர்த்து, ஆண்டது போதாதா, மாண்டது போதாதா என்று எதுகை போட்டு முழங்கியது. அழகேசன் செங்கல்பட்டில் தோற்றார். முழக்கம்தான் தோற்கடித்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முழக்கம் இன்றும் வயதானவர்கள் வாயில் இருக்கிறது. பெரியவரும் அதைத் தாளம் போட்டுச் சொல்லிக் காட்டினார். சாஸ்திரியோ அதே 1957இல் மீண்டும் அமைச்சரானார், 1964இல் பிரதமரானார். எழுந்து போனவருக்கு நாற்காலி திரும்பி வந்தது என்பதை எந்தத் தலைமைப் பயிற்சியாளரும் திரையில் போடலாம்.

இன்னொன்று. அரியலூர் மாவட்டம் 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002இல் திரும்பவும் அதோடு சேர்க்கப்பட்டு, மறுபடி பிரிந்து நிலைத்த நாள் 2007 நவம்பர் 23. மாவட்டத்தின் பிறந்தநாளும் அந்த விபத்து நாளும் ஒன்றே. தேதி குறித்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் படுகிறது.

அரியலூர் திரும்பி, ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ராஜேந்திர சோழனின் பிறந்த நட்சத்திரமான ஆடித் திருவாதிரைக்கு 2025 ஜூலையில் பிரதமர் வந்து நாணயம் வெளியிட்டுப் போன ஊர். ஆயிரம் ஆண்டு விழா, கொடிகள், கங்கை, கடாரம், கப்பற்படை. எல்லாம் சரி. புல்வெளியில் குடும்பங்கள் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தன. தஞ்சைக் கோபுரத்தைவிட இதைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டியது தகப்பனுக்குக் கொடுத்த மரியாதை என்று ஒரு வழிகாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். அழகான விளக்கம், ஆனால் கல்வெட்டு அப்படி எதுவும் சொல்லவில்லை.

கல்வெட்டுகளில் இருக்கும் கணக்கு எனக்குப் போதும். ராஜராஜன் 1012லேயே மகன் ராஜேந்திரனை இளவரசாக அரியணையில் கூட உட்கார வைத்தான். இரண்டு ஆண்டு சேர்ந்து ஆண்டார்கள். ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்த நான்கே ஆண்டில், 1018இல், தன் மகன் ராஜாதிராஜனைப் பக்கத்தில் உட்கார்த்தினான். 1044 வரை இருபத்தாறு ஆண்டு இரண்டு பேரும் ஒரே அரசை நடத்தினார்கள். கங்கைப் படையெடுப்பும் கடாரப் படையெடுப்பும் அந்தக் காலத்தில்தான். அரசன் சாவதற்காக நாடு காத்திருக்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடு அது. அந்த ராஜாதிராஜன் 1054இல் கொப்பம் போர்க்களத்தில் யானை மேலேயே இறந்தபோது, தம்பி அங்கேயே முடிசூடிப் போரை நடத்தி முடித்தான். வாரிசு யார் என்ற கேள்வியை இன்று எத்தனை கட்சிகள், எத்தனை கம்பெனிகள் கடைசி மூச்சு வரை ஒத்திப்போடுகின்றன!

கோயிலின் வடபுற வாசல் படிக்கட்டை ஒட்டி அந்தப் புகழ்பெற்ற சிற்பம் இருக்கிறது. சிவனும் உமையும் அமர்ந்திருக்க, காலடியில் சண்டேசர். சிவன் தன் கையால் பூமாலையை அவர் தலையில் சுற்றுகிறார். மாலையின் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு விரல் வளைவது வரை கல்லில் தெரிகிறது. சண்டேசரின் கை கூப்பியிருக்கிறது, தலை தாழ்ந்திருக்கிறது. ராஜேந்திரன் தன்னையே அப்படிச் செதுக்க வைத்தான் என்று கலை அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால் கங்கை வரை வென்றவன் தனக்காகத் தேர்ந்தெடுத்தது ஒரு கணக்குப்பிள்ளையின் உருவத்தை. சோழர் காலத்தில் சிவன் கோயில் நிலம், பொன், கொடுக்கல் வாங்கல் எல்லாம் சண்டேசுவரர் பெயரில்தான் நடந்தன. கல்வெட்டுகள் அவரைச் சிவனின் முதல் தொண்டராக வைத்துப் பேசுகின்றன. இன்றும் சிவன் கோயிலை விட்டுக் கிளம்புமுன் சண்டிகேசுவரர் முன்னால் கையை விரித்துக் காட்டுவது, கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்காக.

கோயில் மதிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சுற்றினால், பழைய மதிலின் பெரும்பகுதி இல்லை. 1836இல் கொள்ளிடத்தில் அணைக்கரைக் கீழணை கட்ட இங்கிருந்துதான் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி பொன்னேரி என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித் தூண் என்று வருணிக்கிறது. வெற்றித்தூணைக் கல்லில் நடாமல் நீராக நட்ட அரசனின் ஏரியில், நான் பார்த்தபோது பெரும்பகுதி வறண்டு கிடந்தது. ஏரிக் கணக்கைக் கேட்க வேண்டிய இடமும் குன்னத்து அம்மா சொன்ன அதே கிராம சபைதான்.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் சிறுவாச்சூருக்குத் திங்கள் அல்லது வெள்ளி பார்த்து வாருங்கள். வராவிட்டாலும் ஒன்று செய்யலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை கூடும். உங்கள் பெயர் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் போதும், உள்ளே போய் உட்கார உரிமை உண்டு. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், வரவு செலவை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.